கணுக்காலை நம்பி நிறுத்திய பொம்மைகள்

சென்ற கோடையில் ஒரு நள்ளிரவு, கண்ணாடி அலமாரிக்குள் எதுவோ மடமடவென்று சரியும் ஓசை கேட்டு எழுந்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, இரண்டாம் தட்டில் வரிசையாக நின்றிருந்த, மூட்டுகளை மடக்கி நிறுத்தக்கூடிய ஏழு ஆக்‌ஷன் ஃபிகர்களில் ஐந்து குப்புறக் கிடந்தன. ஒன்றின் வாள்முனை ஒடிந்திருந்தது. இன்னொன்றின் மணிக்கட்டு முளை முறிந்து, பாதி கைக்குள்ளேயே தங்கிவிட்டது. முதலில் விழுந்தது எது என்பதைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பின்வரிசையின் இடக்கோடியில் தாங்கி எதுவும் இல்லாமல் தன் காலிலேயே நின்றுகொண்டிருந்த, தோளில் கனமான மேலங்கி போர்த்திய வீரன்தான் அடுத்தவர்களையும் இழுத்துக்கொண்டு சாய்ந்திருந்தான். அந்த அலமாரியை எட்டு மாதமாக யாரும் அசைக்கவில்லை, நிலம் நடுங்கவில்லை, பூனை ஏறவில்லை. எட்டு மாதம் நின்றது அன்றைக்கு மட்டும் ஏன் விழுந்தது என்ற கேள்விதான், அதுவரை பொம்மையோடு வந்தால் வைத்துக்கொள்வதும் வராவிட்டால் விட்டுவிடுவதுமாக இருந்த ஸ்டாண்டுகளைப் பற்றி என்னை ஒழுங்காக யோசிக்க வைத்தது.

நிற்கும் எந்தப் பொருளும், அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி இழுக்கும் கோடு அதன் இரு பாதங்களும் சேர்ந்து வளைக்கும் பரப்புக்குள் விழும்வரைதான் நிற்கும். சேகரிப்பாளர்கள் மிகுதியாக வாங்கும், ஆள் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுப் பொம்மை ஏறத்தாழ 15 செ.மீ. உயரம் இருக்கும்; அதன் பாதம் இரண்டரை செ.மீ.யைத் தாண்டினால் பெரிது. எடைக்கோடு பாதத்தின் நடுவில் விழுவதாக வைத்துக்கொண்டால், முன்னாலும் பின்னாலும் நமக்குக் கிடைக்கும் இடம் ஒன்றேகால் செ.மீ.தான். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எட்டரை செ.மீ. உயரத்தில் இருக்கும் ஒரு பொம்மையின் கணுக்கால் 5 டிகிரி சாய்ந்தால், அந்தக் கோடு முக்கால் செ.மீ. நகர்ந்துவிடும், சாய்வு 8 டிகிரியைத் தாண்டும்போது அது பாதத்தின் விளிம்புக்கு வந்துவிடும். எட்டு டிகிரி என்பது கண்ணுக்கு ஒரு மெல்லிய குனிவாகத்தான் தெரியும். கையில் ஈட்டியும் முதுகில் மேலங்கியும் இருந்தால் அந்த எட்டும் கிடையாது.

அந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது என்றால், பிளாஸ்டிக்கிலிருந்தே வருகிறது. ஒரே பக்கமாக நெடுநாள் எடை தாங்கும் பிளாஸ்டிக், உடையாமலே மெல்ல மெல்ல வளைந்துகொடுக்கும் இயல்புடையது. வெப்பம் கூடக் கூட அந்த வேகமும் கூடும். கடினமான பிவிசி ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இளகத் தொடங்கும் என்றாலும், பொம்மைகளில் பயன்படுவது வளைவதற்காக இளக்குப் பொருள் கலக்கப்பட்ட பிவிசி ஆதலால், அது அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். என் அலமாரியில் தட்டுக்கு மேல் ஒட்டியிருந்த விளக்குப் பட்டை வேறு மாலை முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. ஆகவே அந்த வீரன் அன்றிரவு திடீரென்று விழவில்லை. எட்டு மாதமாக விழுந்துகொண்டே இருந்து, அன்றிரவு விழுந்து முடித்தான்.

இது புரிந்தபின், ஸ்டாண்டு எதற்கு என்ற கேள்விக்கான விடையும் மாறியது. பொம்மை நழுவாமல் பிடித்து வைப்பதற்காக என்றுதான் முன்பெல்லாம் எண்ணியிருந்தேன். இப்போதோ, கணுக்காலுக்கு மேலே எங்காவது ஓரிடத்தில் உடலின் எடையை வாங்கிக்கொண்டு, கணுக்காலுக்கு ஓய்வு கொடுப்பதே அதன் வேலை என்று எடுத்துக்கொள்கிறேன். எந்த ஸ்டாண்டைக் கையில் எடுத்தாலும், எடை எங்கே இறங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இந்த இழுபறி பொம்மைத் தொழிலுக்குப் புதிதல்ல. 1959இல் வெளிவந்த முதல் பார்பியின் பாதங்களில், செப்புக் குழாய் பதித்த துளைகள் இருந்தன. வட்டப் பீடத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு முளைகள் அவற்றுக்குள் நுழையும். குதிகால் உயர்ந்த பாதத்தால் தானாக நிற்க முடியாத பொம்மைக்கு அதுதான் வழியாகத் தோன்றியது. ஆனால் அடுத்த பதிப்பிலேயே துளைகள் போய், கையிடுக்கின் கீழ் உடலைத் தாங்கும் கம்பி வந்துவிட்டது. பாதத்தைவிட உடலைப் பிடிப்பது மேல் என்ற முடிவுக்கு நான் வருவதற்குப் பல பொம்மைகளைப் பலி கொடுக்க வேண்டியிருந்தது.

பாதத்துளையும் முளையும் அதன்பின் மறைந்துவிடவில்லை. கென்னர் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள், சுமார் 9.5 செ.மீ. உயரத்தில், உள்ளங்காலில் துளையோடு வந்தன. அவற்றின் வழியாகவே அந்தச் சிறிய அளவு பெரும்புகழ் பெற்றது. 1977ஆம் ஆண்டு இறுதிப் பண்டிகைக் காலத்துக்குப் பொம்மைகள் தயாராகாததால், பொம்மைகளைப் பிறகு பெற்றுக்கொள்வதற்கான சான்றிதழும் அட்டையால் ஆன காட்சி மேடையும் அடங்கிய உறையை மட்டும் விற்று, பொம்மைகளை 1978இல் அஞ்சலில் அனுப்பினார்கள் என்பது சேகரிப்பாளர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. ஸ்டாண்டு முதலில், பொம்மை பிறகு! வேடிக்கையாகச் சொன்னாலும், நான் இப்போது கடைப்பிடிக்கும் வரிசை அதுதான். பொம்மையை வாங்க முடிவு செய்யும்போதே, அது எந்த நிலையில் நிற்கப்போகிறது, எதன்மேல் நிற்கப்போகிறது என்பதையும் முடிவு செய்துவிடுகிறேன்.

பாதமுளை மட்டும் உள்ள பீடம், நேராக நிற்கும் சிறிய பொம்மைகளுக்குப் போதுமானது. ஏறத்தாழ 10 செ.மீ. உயரமுள்ள பொம்மையின் உடல் இலேசானது; அதன் கணுக்காலுக்குப் பெரும்பாலும் பெரிய பாரம் இல்லை. ஆனால் 15 செ.மீ. அளவிலும் அதற்கு மேலும் பாதமுளையை மட்டும் நம்புவதில் ஒரு மயக்கம் இருக்கிறது. முளை உள்ளங்காலைத்தான் பூட்டி வைக்கும். அதற்கு மேலுள்ள கால் தன்போக்கில் சாய்ந்துகொண்டே இருக்கும். பொம்மை விழாது என்பதால் நாம் கவனிக்கவும் மாட்டோம். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், அது பீடத்தில் உறுதியாக ஒட்டியபடியே வில்லாக வளைந்து நிற்கும். இன்னொரு தொல்லை, முளையின் தடிமன் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது. சற்றே பெருத்த முளையை அழுத்தி நுழைத்து, குதிகால் பிளந்த ஒரு பொம்மை என்னிடம் இருக்கிறது. முளை தானாக நுழையவில்லை என்றால் அது அந்தப் பொம்மைக்கு உரியது அல்ல. நுனியை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கலாமே தவிர, ஒருபோதும் அழுத்தக்கூடாது.

முதுகைத் தாங்கும் முறை வேறு வகை. ஜப்பானின் மேக்ஸ் ஃபேக்டரி நிறுவனம் உருவாக்கி 2008இல் தொடங்கிய ஃபிக்மா வரிசையில், பொம்மையின் முதுகில் 3 மி.மீ. துளையும், பெட்டிக்குள்ளேயே மூட்டுகள் உள்ள தாங்குகையும் கொடுத்துவிடுகிறார்கள். அதே ஆண்டில் பண்டாய் நிறுவனம் தொடங்கிய எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸ் வரிசையில் முதுகுத் துளை பெரும்பாலும் கிடையாது. அவற்றுக்குப் பண்டாய் தனியாக விற்கும் தமாஷி ஸ்டேஜ் போன்ற, இடுப்பைக் கவ்விப் பிடிக்கும் கைகள் வேண்டும். குண்டம் என்ற ரோபோ மாதிரிகளைக் கோப்பவர்கள் ஸ்டாண்டாகப் பயன்படுத்தும் ஆக்‌ஷன் பேஸ் முளைகளும் பெரும்பாலும் 3 மி.மீ. அளவே ஆதலால், அந்த மூன்று மில்லிமீட்டர், சொல்லாமலே ஏற்பட்ட ஒரு பொது அளவாகிவிட்டது. முதுகுத் துளை உள்ள பொம்மையில் ஸ்டாண்டு முன்னிருந்து அறவே தெரியாது. வண்ணத்தின் மேல் எதுவும் உரசாது. வாய்ப்பிருந்தால் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். மேலங்கி அணிந்த பாத்திரங்களில் அந்தத் துளை துணிக்கு அடியில் ஒளிந்துகொள்வது மட்டுமே குறை.

கவ்வியைப் பொறுத்தவரை, எங்கே கவ்வுகிறோம் என்பதே முக்கியம். மார்பைக் கவ்வினால் பிடி நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இடுப்பு மூட்டு அதன் கீழே இருப்பதால், கால்களும் இடுப்பும் தொங்கி, உடல் நடுவில் மெல்ல இழுபடும். விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே, இடுப்பின் ஒடுங்கிய பகுதியில் கவ்வும்போது எடை சமமாக இறங்குகிறது. கவ்வியின் விரல்கள் வண்ணத்தைத் தேய்க்காமலிருக்க, குழாய்ப் பணியாளர்கள் மரையில் சுற்றும் வெள்ளை நிற டெஃப்லான் நாடாவை விரல்களின்மேல் இரண்டு சுற்று சுற்றுகிறேன். அது எந்தப் பிளாஸ்டிக்கோடும் வினைபுரியாது, பசையும் இல்லை. மென்மையாக இருக்கிறதே என்று ரப்பர் குழாயையோ வளையும் பிவிசி உறையையோ மாட்டுவது தவறு. காரணத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

ஆறில் ஒரு பங்கு அளவுப் பொம்மைகள், அதாவது சுமார் 30 செ.மீ. உயரமும் தைத்த துணி ஆடையும் உள்ளவை, தனி உலகம். இவற்றுக்கு வரும் ஸ்டாண்டில், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கம்பமும், அதன் உச்சியில் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கும் கம்பி வளையமோ, தொடைகளுக்கு இடையில் நுழைந்து உடலைத் தாங்கும் வளைவோ இருக்கும். பலர் செய்யும் பிழை, கம்பத்தைத் தாழ்வாக வைத்துவிடுவது. அப்போது வளையம் பொம்மையை வெறுமனே சூழ்ந்திருக்குமே ஒழிய, எடை முழுவதும் காலில்தான் இறங்கும். மிகவும் உயர்த்தினாலோ பாதம் அந்தரத்தில் தொங்கி, தூக்கிலிட்டதுபோல் விகாரமாகிவிடும். நான் ஒரு துண்டுக் காகிதத்தைக் குதிகாலுக்கு அடியில் நுழைத்துப் பார்ப்பேன். காகிதம் சிறு உரசலோடு நகர வேண்டும். அசையாமல் சிக்கினால் கம்பத்தைச் சற்று உயர்த்துவேன். தடையே இல்லாமல் வழுக்கினால் தாழ்த்துவேன். வளையத்தை மேற்சட்டைக்கு அடியில், உள்ளாடைக்கு மேல் கொண்டுபோனால் துணியில் மடிப்புத் தழும்பு விழுவதும் தவிர்க்கப்படும்.

பறக்கும் நிலையிலும் பாயும் நிலையிலும் பொம்மைகளை நிறுத்த விரும்புவோர்க்குத் தேவை பொறுமை, அதற்கு அடுத்து கனமான பீடம். தாங்குகையின் மூட்டில் விழும் திருகுவிசை, எடையையும் அது மூட்டிலிருந்து விலகி நிற்கும் தூரத்தையும் பெருக்கிவருவது. 200 கிராம் பொம்மையை 5 செ.மீ. தள்ளிப் பிடிப்பதைவிட 10 செ.மீ. தள்ளிப் பிடிக்கும்போது அந்த விசை இரு மடங்காகும். ஆகவே பொம்மை எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், அதன் எடைக்கோடு பீடத்தின் நடுவிலேயே விழும்படி கையை மடக்கி அமைப்பது நல்லது. கை பின்னோக்கிச் சென்று மறுபடி முன்னோக்கி மடங்கும் வளைவு பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் உறுதியாக இருக்கும். உலோக வார்ப்புப் பாகங்கள் உள்ள பொம்மையாயின், பீடத்தின் அடிப்பக்கக் குழிவில் இரும்பு வாஷர்களை ஒட்டிக் கனம் சேர்க்கிறேன். மூட்டுகளில் திருகாணி உள்ள கைகளையே வாங்குங்கள். வெறும் உராய்வை நம்பும் மூட்டு முதல் மாதம் விறைப்பாக நிற்கும். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை இறங்கும்.

ஒளிபுகும் ஸ்டாண்டுதான் கண்ணுக்குத் தெரியாது என்ற நம்பிக்கை எனக்கும் இருந்தது. கடையின் படத்தில் அப்படித்தான் தெரியும். அலமாரிக்குள் விளக்குப் பட்டையை எரியவிட்டால், ஒளி அக்ரிலிக்கின் உள்ளே ஓடி விளிம்புகளில் வெளியேறுவதால், ஸ்டாண்டின் வெட்டுமுனைகள் ஒவ்வொன்றும் கோடு கிழித்ததுபோல் மின்னும். பொம்மையைவிட ஸ்டாண்டே முதலில் கண்ணில் படும். பின்னணி கருமையாக இருந்தால், பளபளப்பில்லாத கறுப்பு ஸ்டாண்டு அதில் கரைந்தே போய்விடுகிறது. வெள்ளைப் பின்னணி வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் ஒளிபுகும் வகையையே வாங்கலாம். நான் இருந்த அத்தனை ஒளிபுகும் கைகளையும் மங்கல் கறுப்புச் சாயம் அடித்து மாற்றினேன்; மூட்டுகளுக்குள் சாயம் புகாமல் நாடா ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதை முதல் கையைப் பாழாக்கிய பிறகு கற்றுக்கொண்டேன்.

முன்பு சொன்ன குழாய்க்கும் பிவிசி உறைக்கும் வருகிறேன். வளையும் பிவிசியில் கலந்திருக்கும் இளக்குப் பொருள், உள்ளேயே கட்டுண்டு கிடப்பதில்லை. காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் வேறு பிளாஸ்டிக்குக்குள் புகும். பாலிஸ்டைரீன், ஏபிஎஸ், அக்ரிலிக் ஆகிய பிளாஸ்டிக் வகைகள் அதனால் இளகிப் பிசுபிசுக்கும். மென்மையான காலணி உடைய பொம்மையை ஒரே பீடத்தில் இரண்டு ஆண்டு வைத்து எடுத்தபோது, உள்ளங்காலின் வரிகள் அப்படியே பீடத்தில் பதிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பீடம் கெட்டதுகூடப் பெரிதில்லை. எடுக்கும்போது காலணியின் வண்ணமும் உரிந்து வந்தது. இப்போது ஒவ்வொரு பாதத்தின் அடியிலும், அதன் வடிவத்துக்கே வெட்டிய மெல்லிய பாலியெஸ்டர் தாளை வைக்கிறேன். ஒளிபுகும் தாள் என்பதால் தெரியாது. அக்ரிலிக் பீடங்களையும் படிமேடைகளையும் துடைக்க ஆல்கஹாலோ அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோ வேண்டாம். அவை பட்ட இடத்தில் மயிரிழை வெடிப்புகள் வலைபோல் பரவும். சோப்பு கலந்த நீரும் மென்துணியும் போதும்.

ஒட்டிவைக்கும் மெழுகு பற்றிப் பலர் கேட்கிறார்கள். நிலநடுக்கம் வரும் நாடுகளின் அருங்காட்சியகங்களில் மட்பாண்டங்களையும் கண்ணாடிப் பொருள்களையும் நிலைநிறுத்த நுண்படிக மெழுகு பயன்படுகிறது. பொம்மைக்கும் கடுகளவு போதும், பிறகு திருகி எடுத்துவிடலாம். சுவரொட்டி ஒட்டும் களிம்பு வேறு. அது எண்ணெய்க் கறை விடும். எதுவாயினும் அது நழுவலைத் தடுக்குமேயன்றிச் சாய்வைத் தடுக்காது. காந்தத் தகடு வைத்த பீடங்களுக்கும் அதே குறைதான்.

வீட்டில் முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் தாங்களே ஸ்டாண்டு செய்துகொள்வதை நான் ஊக்குவிப்பேன்; இரண்டு எச்சரிக்கைகளோடு. பிஎல்ஏ என்ற அச்சுப் பிளாஸ்டிக் இழை 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும் என்பதால், வெயில் படும் சன்னலோரத்திலும் சூடேறும் விளக்கின் அருகிலும் அது ஆகாது. மற்றது, முளையை நிற்கவைத்து அச்சிடக்கூடாது. அடுக்குகள் முளையின் குறுக்கே அமைந்துவிட்டால், பொம்மையை எடுக்கும்போது அது அடுக்கோடு அடுக்காகப் பிரிந்து, முனை துளைக்குள் சிக்கிக்கொள்ளும். படுக்கவைத்து அச்சிட்டால் இழைகள் நீளவாக்கில் ஓடி உறுதி தரும். வட்டம் சற்றுத் தட்டையாக வரும், அதனால் பாதகம் இல்லை.

ஸ்டாண்டு வாங்கி முடித்த பிறகும், ஏற்கெனவே சாய்ந்துபோன கணுக்காலை நிமிர்த்தாமல் மாட்டுவதில் பயனில்லை. காலை வெந்நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, இளகியதும் நேராக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்நீரில் வைத்தால் அந்த வடிவத்திலேயே இறுகும். மூட்டு தேய்ந்து ஆடுகிறது என்றால், மூட்டுக்குள் சுழலும் பந்தின்மேல் நீர்க்கரைசல் வகை நிறமற்ற அக்ரிலிக் பூச்சை மெல்லப் பூசி, முழுவதும் உலர்ந்தபின் கோக்கலாம். நகப்பூச்சை இதற்குப் பரிந்துரைப்பவர்கள் உண்டு; அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கையே அரிக்கக்கூடியது என்பதால் நான் தொடுவதில்லை.

எல்லாப் பொம்மைக்கும் ஒரே நாளில் ஸ்டாண்டு வாங்குவது இயலாத காரியம். முதலில் பின்வரிசைக்கு வாங்குங்கள். முன்வரிசையில் ஒன்று முன்னால் சாய்ந்தால் கண்ணாடிக் கதவில் முட்டி நின்றுவிடும். பின்வரிசையில் ஒன்று சாய்ந்தால் என் வீட்டில் அன்றிரவு நடந்ததுதான் நடக்கும். அதற்கடுத்து, ஆயுதத்தை நீட்டிப் பிடித்தவை, இறக்கை உள்ளவை, ஒற்றைக்காலில் நிற்பவை. இரு காலையும் அகட்டி, கையைத் தொங்கவிட்டு நிற்பவை கடைசியில் காத்திருக்கலாம்.

அந்த மேலங்கி வீரனுக்கும் ஒரு கவ்வி வாங்கினேன். ஆனால் மேலங்கியின் கனத்தில் இடுப்பு மூட்டும் தளர்ந்திருந்ததால், கவ்வியில் நின்றபோதும் அவன் சற்றுக் கூன் விழுந்தவனாகவே தெரிந்தான். இரண்டு முறை கையின் உயரத்தை மாற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டைக் கழற்றி வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது அவன் படிமேடையின் மேல்படியில், வாளை மடியில் குறுக்கே கிடத்தி, கால்களைக் கீழ்ப்படியில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறான். எடை முழுவதும் தொடையில் இறங்குகிறது. தொடைக்கும் படிக்கும் இடையில் ஒரு துண்டு பாலியெஸ்டர் தாள் இருக்கிறது.